ஸ்டென்ட் வைத்தாயிற்று, அப்புறமும் எதற்கு இத்தனை கெடுபிடி?

கேள்வி, 9 ஜனவரி 2024

அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்து எட்டு மாதம் ஆகிறது. அடைப்பை நீக்கியாயிற்று, மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இருந்தும் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, போய் நட என்று அம்மாவோடு தினமும் சண்டை. ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கட்டும் என்பது என் கட்சி. இதில் என்ன தவறு?

9 ஜனவரி 2024, இரவு 9.40

தவறுதான் தம்பி. உங்கள் அம்மா பக்கம்தான் நியாயம்.

நான் 22 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவன். பெரும்பாலும் திண்டுக்கல் - குமுளி தடம். 2012 ஆகஸ்டில், 49 வயதில், முதல் மாரடைப்பு. 2014 டிசம்பரில் இரண்டாவது. இரண்டு தடவையும் ஸ்டென்ட் வைத்தார்கள். முதல் தடவை வைத்த ஸ்டென்ட் நன்றாகவே இருந்தது. இரண்டாவது அடைப்பு வந்தது வேறு ரத்தக்குழாயில்.

வத்தலக்குண்டு பக்கம் ரோட்டில் ஒரு பள்ளத்தை மூடிவிட்டால் குமுளி வரை ரோடு சரியாகிவிடுமா? ஸ்டென்ட் அந்த ஒரு பள்ளத்தை மூடுகிற வேலை. கொழுப்புப் படிவது ஒரு இடத்தில் மட்டும் இல்லை, எல்லாக் குழாய்ச் சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டே இருக்கிறது. மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நானே சாட்சி. ஆனால் மாரடைப்பு அவசரத்தில் இல்லாமல் நோய் நிலையாக இருக்கிற 2,287 பேரை வைத்து அமெரிக்கா, கனடாவில் ஒரு ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் இடையே சாவிலும் மாரடைப்பிலும் வித்தியாசம் வரவில்லை. நெஞ்சுவலி குறைந்ததுதான் பலன்.

என்னைக் கேட்டால் நடைதான் முதல் மருந்து. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர்களை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. என் மகள் இதைப் படித்துக் காட்டிய அன்று நான் நினைத்தது என் ஜோடிக் கண்டக்டரைத்தான். ஒரே பேருந்து, ஒரே நைட் ஹால்ட், ஒரே டீக்கடை. அவர் இன்றைக்கும் ஒரு மாத்திரை இல்லாமல் இருக்கிறார்.

10 ஜனவரி 2024, காலை 6.15

இரவு எழுதியதை மகள் பார்த்தாள். அவள் மருந்தாளுநர். மாரிஸ் கதையைப் பாதியோடு விட்டுவிட்டேன் என்கிறாள். அவரே பிறகு யூனிபார்ம் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தாராம். டிரைவர்களின் பேன்ட் இடுப்பு அளவு கண்டக்டர்களுடையதை விடப் பெரியது, இளம் வயது டிரைவர்களுக்கும் அப்படித்தான். அதாவது வேலைக்கு வந்தபோதே உடம்பு வித்தியாசம் இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் டிரைவர் சீட்டின் மேல் போட முடியாது. அது சரி. என் ஜோடி ஒல்லி ஆள், நான் சேரும்போதே தாட்டியான ஆள்.

இன்னொன்றும் சொன்னாள். "நடைதான் முதல் மருந்து என்று எழுதியிருக்கிறீர்களே, அப்பா, உங்கள் விஷயத்தில் முதல் மருந்து எது?"

அதற்குத் தனியாக எழுத வேண்டும். இப்போது நடக்கப் போகிற நேரம்.

10 ஜனவரி 2024, இரவு 10.05

சிகரெட்.

டியூட்டியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. நைட் சிங்கிள் என்றால் இன்னும் கூடும், தூக்கம் வராமல் இருக்க. 2012இல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் விட்டேன். யாரும் கஷ்டப்பட்டு விடச் சொல்லவில்லை, பயத்தில் தானாகவே விட்டுப்போனது. ஒன்பது மாதம் தொடவே இல்லை. அப்புறம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து பந்தலுக்குப் பின்னால் நின்றபோது, கூட வேலை பார்த்தவர் பாக்கெட்டை நீட்டினார். ஒன்றுதானே என்று வாங்கினேன். அடுத்த மாதம் நாளுக்கு நான்கு. நடை மட்டும் விடவில்லை! காலையில் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் கடையில் நின்று ஒன்று பற்ற வைப்பேன். நடக்கிறேனே, அது சரிக்கட்டிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. சரிக்கட்டாது.

இதய நோய் வந்த பிறகு புகையை விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்ட இருபது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்குச் சாகும் வாய்ப்பு 36 சதவீதம் குறைவு. இவ்வளவு பலன் தருகிற மாத்திரை ஒன்று இருந்தால் எல்லோரும் வரிசையில் நிற்போம்.

உங்கள் அப்பா புகைப்பவரா, வெற்றிலையோடு புகையிலை போடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உப்புச் சண்டையையெல்லாம் ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் பாருங்கள்.

11 ஜனவரி 2024

"எங்கள் வீட்டில் அவர் மட்டும்தான் இப்படியா" என்று தம்பி கேட்டிருக்கிறார். இல்லை. 17 நாடுகளில், நம் நாடும் அதில் உண்டு, இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள் ஏழாயிரத்து ஐந்நூறு பேரைக் கேட்டு 2013இல் ஒரு ஆய்வு வெளியானது. புகையை விடுவது, நல்ல சாப்பாடு, போதுமான உடலுழைப்பு, இந்த மூன்றும் ஒன்றாக இருந்தவர்கள் 4.3 சதவீதம்தான். நூற்றில் ஐந்து பேர்கூட இல்லை. மூன்றில் ஒன்றுகூட இல்லாதவர்கள் 14 சதவீதம்.

16 ஜனவரி 2024, மாட்டுப் பொங்கல்

உப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. குழம்பு, பொரியல், மோர் எல்லாம் சேர்த்து. நம் வீட்டில் உப்பு குழம்பில் இருப்பதாக நினைக்கிறோம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, வடகம், இவற்றில் இருப்பது கணக்கில் வருவதே இல்லை. இந்துப்பு நல்லது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதுவும் சோடியம் உப்புதான். நிறம்தான் வேறு.

நாங்கள் சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதை வாங்குகிறோம். நீங்களும் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

16 ஜனவரி 2024, இரண்டு மணி நேரம் கழித்து. தயவுசெய்து படிக்கவும்

மேலே கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்டு நடக்க வேண்டாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். இதய நோயாளிகளில் பாதிப் பேர் இந்த மாத்திரையில் ஏதாவது ஒன்றில் இருப்பார்கள். நானே ராமிப்ரிலில் இருக்கிறேன். மகள் டப்பாவை எடுத்துப் போய் வெளியே வைத்துவிட்டாள். மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். சாதா உப்பையே குறைத்துப் போடுவது போதும். எழுதியதற்கு வருந்துகிறேன்.

3 பிப்ரவரி 2024

"கீரை தினமும் சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், என் கணவருக்கு வால்வு மாற்றியிருக்கிறது" என்று எழுதிய சகோதரிக்கு: உங்கள் கேள்வி முக்கியமானது. செயற்கை வால்வுக்காக வார்பரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்துவதும் தவறு. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ப ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் மாத்திரை அளவை வைப்பார். ஒரு வாரம் கட்டுக் கட்டாக, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இருப்பதுதான் ஆபத்து. அடைப்புக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மட்டும் எடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

4 பிப்ரவரி 2024

யோகா போதுமா, நடக்க வேண்டாமா? இதற்கு நம் நாட்டிலேயே பதில் தேடியிருக்கிறார்கள். 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்து மீண்ட 3,959 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2020இல் வெளியானது. யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு மறு மாரடைப்பும் சாவும் கணக்கிடும்படியாகக் குறையவில்லை. ஆனால் அவர்கள் பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள், உடம்பு நன்றாக இருப்பதாகவும் உணர்ந்தார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. முட்டி வலியால் நடக்க முடியாதவர்கள் யோகாவில் தொடங்கலாம். நடக்க முடிந்தவர்கள் நடையை விட வேண்டாம்.

21 மார்ச் 2024

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் கலந்த கஷாயத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அடைப்பைக் கரைக்குமாம், மாத்திரையே வேண்டாமாம். இத்தனை நாள் இதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். சொல்லிவிடுகிறேன்.

2014 அக்டோபரில் அந்தக் கஷாயத்தை நானும் குடித்தேன். உறவுக்காரர் ஒருவர் ரொம்ப அக்கறையோடு, தன் கையாலேயே காய்ச்சி இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். உடம்பும் அப்போது லேசாகத்தான் இருந்தது. கொழுப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினேன். வீட்டில் சொல்லவில்லை. அட்டையிலிருந்து தினமும் ஒன்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் டிப்போ வாசலில் எறிவேன். ஆறு வாரம். டிசம்பர் இரண்டாம் வாரம், டிப்போவில் லைட் டியூட்டியில் லாக் ஷீட் எழுதிக்கொண்டிருந்தபோது இடது தாடையில் பல்வலி மாதிரி ஆரம்பித்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை, வியர்வை மட்டும் சட்டையை நனைத்தது. கூட இருந்த மெக்கானிக் 108ஐக் கூப்பிட்டார்.

கஷாயத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். சிகரெட்டும் அப்போது இருந்தது. ஆனால் அந்த ஆறு வாரத்தை என்னால் மறக்க முடியவில்லை. என் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் சதவீதம், அன்றைக்கு 55இலிருந்து 42க்கு இறங்கியது, இன்னும் முழுதாக ஏறவில்லை. பூண்டை ரசத்தில் போட்டுச் சாப்பிடுங்கள், நல்லதுதான். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் தானாக நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், தசை வலிக்கிறது என்றால், மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.

22 மார்ச் 2024

நேற்று எழுதியதை மனைவி இன்று படித்தாள். சட்டைப் பை விஷயம் அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியாது. மதியம் வரை பேசவில்லை. பிறகு "துவைக்கும்போது பையில் வெள்ளையாக மாவு இருந்ததே, அதுவா" என்று கேட்டாள்.

6 மே 2024, அக்னி நட்சத்திரம்

வெயிலில் நடக்காதீர்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த மாதம் தலைசுற்றல், மயக்கம் வரும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று பம்பிங் குறைந்தவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், நிறையக் குடி என்ற பொதுப்பேச்சு அவர்களுக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ கால் வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நான் தினமும் காலையில் எடை பார்த்துக் காலண்டரில் குறிக்கிறேன்.

எவ்வளவு வேகம் என்று கேட்டவருக்கு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடம். 2023 நவம்பரில் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நம்மைப் போன்றவர்கள் முதல் நாளே எட்டையும் நடக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நான் நடந்தது வாசலிலிருந்து தெரு முனைப் பிள்ளையார் கோவில் வரை, அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நின்று உட்கார்ந்துவிடுங்கள், கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை, ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108.

11 ஆகஸ்ட் 2024

தம்பி எழுதியிருக்கிறார், அப்பா ஒரு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டுப் பழையபடி ஆகிவிட்டாராம். "மனக்கட்டுப்பாடு இல்லை" என்கிறார்.

இங்கேதான் எனக்குச் சொல்ல இருக்கிறது. எனக்கும் மனக்கட்டுப்பாடு இல்லை தம்பி. முதல் தடவை எல்லாவற்றையும் மனதை இறுக்கிப் பிடித்துச் செய்தேன். என் தட்டு தனி, என் குழம்பு தனி, உப்பில்லாத பத்தியம். பிள்ளைகள் பஜ்ஜி சாப்பிடும்போது நான் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒன்பது மாதம் ஓடியது. அதற்கு மேல் எந்த மனுஷனாலும் முடியாது. இரண்டாவது தடவைக்கு அப்புறம் மனைவி வேறு மாதிரி செய்தாள். எனக்கென்று தனிச் சமையல் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று சொல்லியிருந்தார். நாங்கள் நான்கு பேர். ஒன்றாம் தேதி இரண்டு லிட்டரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிடுவாள், மாதம் முழுக்க அதுதான். முதல் மாதம் 19ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. மிச்ச நாள் இட்லி, அவியல், கூட்டு, தாளிக்காத குழம்பு. மூன்றாவது மாதம் 28 வரை வந்தது. ரேஷன் பாமாயிலை நிறுத்தவில்லை, அதையும் அந்த இரண்டு லிட்டருக்குள் சேர்த்துக்கொண்டாள், மிச்ச அளவுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, ஆகவே அதன் பங்கு போகப்போகக் குறைந்தது. ஊறுகாய் ஜாடி சாப்பாட்டு மேசையிலிருந்து பரண் மேல் ஏறியது. வேண்டும் என்றால் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டும். அப்பளம் சுட்டதுதான், அதுவும் ஞாயிறு மட்டும். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இப்போது வெளியில் சாப்பிட்டால் என் மகன் "உப்புக் கரிக்கிறது" என்கிறான். நாக்கு மாறிவிட்டது.

சிகரெட்டுக்கும் அதே வழிதான். கடை வழியாகத் திரும்பாமல் வாய்க்கால் கரை வழியாகத் திரும்ப ஆரம்பித்தேன். நானூறு அடி சுற்று. பத்து வருடமாக அந்த வழிதான்.

18,809 பேர், 41 நாடுகள், 2010இல் வந்த ஆய்வு: மாரடைப்பு போன்ற தாக்குதலுக்குப் பிறகு புகையையும் விடாமல், சாப்பாடு உடற்பயிற்சி இரண்டையும் கண்டுகொள்ளாமல் இருந்தவர்களுக்கு, ஆறு மாதத்துக்குள் மறு மாரடைப்போ பக்கவாதமோ சாவோ வரும் ஆபத்து 3.8 மடங்கு. இரண்டையும் பின்பற்றிய, புகைக்கவே செய்யாதவர்களோடு ஒப்பிட்டு. அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவர்கள்.

ஆகவே அப்பாவிடம் கேட்க வேண்டாம். அம்மாவிடம் கேளுங்கள், வீட்டில் எல்லோரும் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று.

12 ஆகஸ்ட் 2024

"எல்லாவற்றையும் பெண்கள் தலையிலேயே கட்டுகிறீர்கள்" என்று ஒரு சகோதரி கண்டித்திருக்கிறார். நியாயம். நேற்றைய கடைசி வரியை எழுதும்போது யோசிக்கவில்லை. என் மனைவி அந்த முதல் வருடம் பட்ட பாட்டை நான் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. இப்போது காய் நறுக்குவதும் ஒன்றாம் தேதி எண்ணெய் அளப்பதும் என் வேலை. தம்பி, அம்மாவிடம் கேட்பதோடு நிற்காமல் நீங்களும் சமையலறைக்குள் போங்கள்.

14 ஆகஸ்ட் 2024

அதே சகோதரி தனியாக ஒன்று கேட்டிருந்தார், கணவர் முன்பு போலப் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்று. 2012இல் நானும் அப்படி இருந்தேன். முன்கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரவில் இடது பக்கம் திரும்பிப் படுக்கவே பயம். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது, அது வந்தவர்கள் மாத்திரையும் நடையும் விட்டுவிடுகிறார்கள். கோபம் என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். என்னிடம் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

1 நவம்பர் 2024, தீபாவளிக்கு மறுநாள்

இரண்டு முறுக்கு, ஒரு அதிரசம். காய்ந்த எண்ணெயை எடுத்து வைத்து மறுபடி பொரிக்கவில்லை. காலை நடை உண்டு. தெருவெல்லாம் பட்டாசுப் புகை, அதனால் இன்று வீட்டுக்குள்ளேயே.

19 ஜனவரி 2025

தம்பி அப்பாவின் ரிப்போர்ட்டைப் போட்டிருக்கிறார். எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது, புகையிலையை விட்டு ஏழு மாதம் ஆகிறதாம். எனக்கு ரொம்ப சந்தோஷம். அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆனால் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 96 என்று இருக்கிறது. ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்கு 70க்குக் கீழே வேண்டும், இன்னும் கீழே கொண்டுவரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சாப்பாட்டைச் சரிசெய்தும் இவ்வளவு இருந்தால் மாத்திரை அளவைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். அடுத்த தடவை போகும்போது மாத்திரைச் சீட்டு, பழைய ரிப்போர்ட், இது, மூன்றையும் கொண்டு போங்கள். ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்றும் கேட்டு வாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.